பெட்டி எழுத்து

மேற்கணக்கு லயத்தில் பெட்டி வந்தால் மலை இறங்கப் போகிறது என்று அர்த்தம். ஜெயந்தினிக்கு இது தெரிய வந்தபோது, பெட்டி வராமல் செய்ய அவள் மாதக்கணக்கில் பாடுபட்டிருந்தாள்.

பெட்டி என்பது போன் திரையில் எழுத்து வரவேண்டிய இடத்தில் வரும் வெற்றுக் கட்டம். ஒன்றிரண்டு அல்ல, திரை முழுக்க. அவள் அம்மா பெரியாயியின் பட்டன் போனில் தமிழ் எச்சரிக்கை அப்படித்தான் வந்து விழுந்தது. மேற்கணக்கு என்பது தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவு; அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்தான் லயம். லயத்தில் முக்கால்வாசிப் பேரிடம் அதே மாதிரி போன்தான்.

அனுப்பியது ஜெயந்தினி வேலை செய்த இடமேதான். பதுளையில் முஸ்தாக் நடத்திய 'மலைச்செய்தி' ஒரு சின்ன அமைப்பு. தோட்டங்களில் வைத்த மழைமானிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். மழை அளவைத் தாண்டினால், பதிந்து வைத்த எண்களுக்கெல்லாம் செய்தி போகும். சிங்களம் கேட்டவர்களுக்குச் சிங்களத்தில், தமிழ் கேட்டவர்களுக்குத் தமிழில். அங்கே கணினி வேலை பார்த்தது ஜெயந்தினி ஒருத்திதான். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பதுளையில் ஒரு போன் கடையின் மாடியில் அறை எடுத்திருந்தாள். அறைதான் அலுவலகமும்.

அவள் பிறந்த லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு இருந்தது. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு ஆட்கள் வந்து பார்த்தார்கள், சிவப்புப் பலகை நட்டார்கள், வேறு இடத்தில் வீடு தருகிறோம் என்றார்கள். பலகை துருப்பிடித்துவிட்டது. அம்மாவும் அண்ணி கலாராணியும் இன்னும் அந்த லயத்து ஒற்றை அறைக் காம்பராவில்தான் இருந்தார்கள். அண்ணன் ரஜீவ் கொழும்பில் ஹோட்டல் வேலை.

சிங்களச் செய்தி எல்லா போனிலும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. தமிழ் மட்டும் பெட்டியாகியது. ஜெயந்தினி முதலில் போன் கம்பெனியைச் சந்தேகித்தாள். பிறகு தன் நிரலைச் சந்தேகித்தாள். கடைசியில் அதற்கும் அடியில் போனாள்.

அடியில் ஒரு லைப்ரரி இருந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் இலவசமாகத் திறந்து வைத்த நிரல் தொகுப்பு. எழுத்துகளைக் குறுஞ்செய்திக்கு ஏற்ற வடிவில் கட்டிக் கொடுப்பது அதன் வேலை. ஒரு குறுஞ்செய்தியில் எழுபது தமிழ் எழுத்துக்குறிகள்தான் கொள்ளும். தமிழைச் சுருக்கிக் கட்ட ஓர் அட்டவணை உண்டு. அதன்படி கட்டினால் இரண்டு மடங்கு கொள்ளும், செலவு பாதி. யாரோ கேட்டுக்கொண்டதால் லைப்ரரியின் ஆசிரியர் அதைச் சேர்த்திருந்தார். நல்ல எண்ணத்தில் செய்தது. புதிய போன்கள் அந்தச் சுருக்கை அவிழ்த்துக்கொண்டன. பட்டன் போன்களிடம் அந்த அட்டவணை இல்லை. அவை பெட்டிகளைக் காட்டின.

சிங்களத்துக்கு அப்படியோர் அட்டவணையே யாரும் செய்யவில்லை. அதனால் சிங்களம் பிழைத்தது.

திருத்தம் சின்னது. சுருக்காதே, கேட்டால் மட்டும் சுருக்கு; அவ்வளவுதான். ஜெயந்தினி அதை எழுதினாள். கீழ்க் கடையில் அம்மாவின் போன் மாதிரியே ஒரு பழைய போன் வாங்கினாள். கணினியில் டொங்கல் என்ற சிம் கருவியைச் செருகி, பழைய நிரலிலும் திருத்திய நிரலிலும் அதே செய்தியை அந்த போனுக்கு அனுப்பினாள். பெட்டி ஒன்று, தமிழ் ஒன்று. இரண்டையும் படம் எடுத்து லைப்ரரியின் பக்கத்தில் போட்டாள்.

ஆசிரியர் நெதர்லாந்தில் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு நேரத்தில் இதைச் செய்பவர். நெடுநாள் கழித்துப் பதில் எழுதினார். நன்றி, ஆனால் இந்த போனை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா?

என் அம்மா, என்று எழுத நினைத்தாள். தோட்டங்களில் பல ஆயிரம் பேர், என்று எழுதினாள்.

அதற்குப் பதில் வரவில்லை.

"நம்மளே மாத்திக்கிட்டா என்ன தங்கச்சி? நீங்கதான் திருத்தி வச்சிருக்கீங்களே," என்றான் முஸ்தாக். அவள் அவனை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவாள்.

"நம்மக்கிட்ட ஓடுனா மாத்தலாம் நானா. கொழும்புக் கம்பெனிக்காரங்க மெஷின்ல ஓடுது. லைப்ரரிக்காரர் முறையா வெளியிட்டாத்தான் போடுவாங்களாம்."

"அப்ப அந்த டொங்கல்ல இருந்து அனுப்புங்க."

"முப்பது மெசேஜுக்கு மேல போனா சிம்மக் கட் பண்ணிருவான். நம்ம கிட்ட மூவாயிரம் பேரு."

முஸ்தாக் தலையைச் சொறிந்தான். "எல்லாரையும் சிங்களத்துக்கு மாத்திரவா? அதாவது ஒழுங்கா போவுதே."

"எங்கம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது நானா. எங்க அண்ணிக்குத் தமிழ் எழுத்து ஒண்ணுதான் தெரியும். அத ஏன் மாத்தணும்."



தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோதுதான் பெட்டியின் கதை தெரிந்தது. கலாராணி அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். பெரியாயி வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்தபடி சொன்னாள்:

"போன மாசம் ஒங்க ஆபீசு பெட்டி அனுப்புச்சில்ல, நாங்க எல்லாரும் போனோம்."

"எங்கம்மா போனீங்க?"

"புள்ளக் காம்பராவுக்கு."

புள்ளக் காம்பரா என்பது தோட்டத்துக் குழந்தைகளை வேலை நேரத்தில் விடும் கட்டடம். லயத்துக்குப் பக்கவாட்டில், பாறை மேல் நின்றது.

"பெட்டின்னா என்னான்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும். மொத தடவ பெட்டி வந்துச்சு, மறுநாள் ரோட்டுல மண்ணு விழுந்துச்சு. ரெண்டாந் தடவ வந்துச்சு, கீழ்க்கணக்குல சொவரு விழுந்துச்சு. மூணாந் தடவ யாரும் நிக்கல. எழுத்துல வாரதெல்லாம் போன் கம்பெனிக்காரன் காசு புடிக்க அனுப்புறது. பெட்டியா வந்தா அது மலைக்கு."

ஜெயந்தினிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை.

"இதுல ஒரு கூத்துக் கேளு," என்றாள் கலாராணி உள்ளேயிருந்து. "அன்னைக்கு ரெண்டு தரம் வந்துச்சு. மொதத் தரம் போயி, மழ விட்டுச்சுன்னு திரும்பி வந்து ரொட்டி தட்டிப் போடுறேன், மறுபடி பெட்டி. மாமி ரொட்டிக் கல்லோட ஓடுனாங்க."

"கல்ல எங்கடி தூக்குனேன். ரொட்டியத்தான தூக்குனேன்."

"கல்லத்தான் மாமி. கை சுட்டு நாலு நாளு கொழுந்து எடுக்கப் போகல நீங்க."

"ரெண்டாவதா வந்தது ஆபத்து நீங்கிருச்சு, வீட்டுக்குப் போகலாம்னு அனுப்புன மெசேஜ்," என்றாள் ஜெயந்தினி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அதத்தான் திருத்திக்கிட்டு இருக்கேன். இனிமே எழுத்தா வரும். எப்பப் போகணும், எங்க போகணும், எப்பத் திரும்பணும், எல்லாம் இருக்கும். போகச் சொல்றது புள்ளக் காம்பராவுக்கு இல்ல, கீழ ஸ்கூலுக்கு. அங்கதான் லொறி வரும், சாப்பாடு வரும்."

"ஸ்கூலுக்குப் போகணும்னா பத்தாம் நம்பர் மலைக்கு அடில போயி ஓடையத் தாண்டணும். மழைல எவன் தாண்டுவான்? எடம் சொன்னது யாரு?" என்றாள் பெரியாயி.

"நாங்க இல்லம்மா. அது வேற ஆளுங்க."

"அப்ப எனக்குப் பெட்டியே இருக்கட்டும்."

கலாராணி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பேப்பரில் சுற்றி வரும் வடையைத் தின்றுவிட்டு அந்தப் பேப்பரையும் படிப்பாள்.

"எனக்கு எழுத்தா வரட்டும் ஜெயந்தி," என்றாள். "எல்லாரும் ஓடுறாங்கன்னு நானும் ஓடுறது வெக்கமா இருக்கு. என்னா எழுதிருக்குன்னு பாத்துட்டு ஓடணும்."

"வரும் அண்ணி. வந்தா அத நம்புங்க. அதுல என்ன போட்டிருக்கோ அதச் செய்யுங்க."

"செய்றேன்."

எழுத்து வரவில்லை. பங்குனி போனது, ஆடி போனது. ஜெயந்தினி மூன்று முறை நினைவூட்டினாள். யாரோ ஒருவர், தமிழைச் சுருக்காவிட்டால் எங்களுக்குச் செலவு கூடும் என்று எதிர்த்து எழுதினார். வேறொருவர் கட்டைவிரல் படம் போட்டார். வாத்தியார் மௌனமாக இருந்தார். பிறகு ஒருநாள், மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, மன்னிக்கவும், அடுத்த வெளியீட்டில் சேர்க்கிறேன் என்று எழுதினார். அவரைக் கோபிக்கவும் முடியாமல் போயிற்று.

லயத்தில் அவள் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். வராத ஒன்றைப் பற்றி எத்தனை தரம் சொல்வது. பெட்டி வந்தது, ஆட்கள் போனார்கள், வந்தார்கள். சொல்லப்போனால் அது வேலை செய்தது.

அடுத்த கார்த்திகையில் மழை பிடித்தது. பதுளையில் கடைகள் அரைக் கதவு சாத்தியே இருந்தன. ரயில் அப்புத்தளையோடு நின்றுவிட்டது என்றார்கள். மத்தியானத்துக்குச் சற்று முன் நமுனுகுலப் பக்கத்து மழைமானி அளவைத் தாண்டியது. செய்தி தானாகப் போயிற்று. ஜெயந்தினியின் மேசையில் கிடந்த பழைய பட்டன் போனும் பட்டியலில் இருந்தது. அது அதிர்ந்தது.

அவள் எடுத்துப் பார்த்தாள்.

தமிழ். ஒரு கொம்பு குறையாமல், ஒரு புள்ளி சிதறாமல்.

'மண்சரிவு அபாயம். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு லயங்களில் உள்ளோர் உடனடியாக வெளியேறி வீதியோரப் பாடசாலைக்குச் செல்லவும்.'

முஸ்தாக் படியேறி வந்தான். குடையை மடக்கவில்லை. அவன் வாப்பாவின் போனும் அதே மாதிரி போன்தான். அதைக் கையில் வைத்திருந்தான்.

"தங்கச்சி, பாத்தீங்களா? அழகா வந்தீக்கி. காலைலதான் கொழும்புக் கம்பெனில புதுசு போட்டாங்களாம். சொல்லவே இல்ல பாருங்க அவனுங்க. ஒரு வருஷ வேல."

"நானா," என்றாள்.

"என்னா?"

"அவங்க போகமாட்டாங்க."

அவனுக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் சிரிப்பு இறங்கியது. குடையிலிருந்து தண்ணீர் அவன் செருப்பில் சொட்டியது.

அம்மாவின் எண் போகவில்லை. மூன்றாம் முறையும் போகவில்லை. கலாராணியின் எண் இரண்டாம் முறையில் கிடைத்தது. தகரத்தில் மழை விழும் சத்தம் முதலில் கேட்டது.

"ஜெயந்தி, எழுத்து வந்துருச்சு," என்றாள் கலாராணி. குரலில் சந்தோஷம். "முழுசாப் படிச்சிட்டேன். பைய எடுத்து வச்சிட்டேன். மாமிதான் நகரமாட்டேங்குறாங்க. பெட்டி வரல, நீ சும்மா இருங்குறாங்க. லயமே அப்பிடித்தான் சொல்லுது. நான் வாசிச்சுக் காட்டுறேன், போன் கம்பெனிக்காரன்னு சிரிக்கிறாங்க."

"அம்மாட்ட குடுங்க."

சற்று நேரம் மழை. பிறகு பெரியாயி.

"ஏன்டி."

"அம்மா, அது நாங்க அனுப்புனதுதான். கெளம்புங்க."

"பெட்டி வரட்டும்."

"பெட்டி இனி வராதும்மா. நான் சொல்றேன்ல."

"நீ பதுளைல ஒக்காந்து பயந்துக்கிட்டு இருக்க. பெட்டி வந்தா நான் போறேன். என்னைக்காவது போகாம இருந்தேனா?"

போன் மறுபடி கலாராணி கைக்குப் போனது.

"நான் என்ன செய்ய?" என்றாள்.

ஜெயந்தினி கண்ணை மூடினாள். டொங்கல் ஞாபகம் வந்தது. பழைய நிரல் கணினியில் இருந்தது.

"அண்ணி, நீங்க கெளம்புங்க. அம்மாவ நான் பாத்துக்குறேன். அவங்களுக்குப் பெட்டி அனுப்புறேன்."

"ஸ்கூலுக்குத்தான?"

"அதுல என்ன போட்டிருக்கோ அதச் செய்யுங்க."

"சரி. மாமி பையையும் கொண்டுபோறேன், அவங்க ஐடி எல்லாம் அதுலதான்..."

லைன் அறுந்தது.

ஒரு வருடம் பாடுபட்டுச் செய்த திருத்தத்தைத் தன் கணினியிலிருந்து அவள் கழற்றினாள். பழையதைப் போட்டாள். மேற்கணக்கு எண்களை மட்டும் பிரித்தெடுத்து, மேசையில் கிடந்த போனின் எண்ணையும் சேர்த்தாள்; முப்பதுக்குள் அடங்கியது. என்ன எழுதுவது என்று ஒரு கணம் யோசித்தாள். எதை எழுதினாலும் பெட்டிதான். அதே செய்தியைப் போட்டு அழுத்தினாள்.

"பெட்டியாப் போகுமா?" என்றான் முஸ்தாக்.

மேசையில் அந்தப் பட்டன் போன் அதிர்ந்தது. திரை முழுக்கக் கட்டம்.

"போகும்," என்றாள்.

திரையில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அனுப்பப்பட்டது' என்றிருந்தது. 'சேர்ந்தது' என்று எதிலும் மாறவில்லை. டவர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கலாம். நின்றே போயிருக்கலாம். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த மழையில் அங்கே போக ரோடு இல்லை. இருந்தாலும் இரண்டு மணி நேரம்.

"ஓதிக்கிட்டு இருக்கேன் தங்கச்சி," என்றான் முஸ்தாக். சத்தம் வராமல் அவன் உதடு அசைந்தது.

ஒரு எண் மாறியது. பிறகு ஒன்று. பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல். அம்மாவின் எண் மாறவில்லை. பக்கத்துக் காம்பரா விஜயலெட்சுமி அக்காவின் எண் மாறியது. அது போதும். ஒரு போனில் பெட்டி வந்தால் லயம் முழுக்கக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் விஜயலெட்சுமி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அம்மா.

"வந்துட்டோம். புள்ளக் காம்பராவுலதான் இருக்கோம். எல்லாரும் வந்தாச்சு. பெட்டி வராதுன்னு சொன்ன, வந்துச்சு பாரு."

ஜெயந்தினி கீழே உட்கார்ந்தாள்.

"லயம்?"

"நிக்கிது. தண்ணி உள்ள பூந்துருச்சு. மலை நிக்கிது."

பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்டது. யாரோ தேத்தண்ணிக்குச் சீனி கேட்டார்கள்.

"அண்ணி ஸ்கூலுக்குப் போய்ச் சேந்துட்டாங்களா? போன் எடுக்க மாட்டேங்குறாங்க."

"அவ முந்தியே போயிட்டாளே. நீ சொன்னன்னு போனா."

"அப்புறம் பேசுனீங்களா?"

பெரியாயி போனோடு வாசலுக்கு வந்தாள் போல, மழைச் சத்தம் கூடியது.

"நாங்க ஏறி வாரப்போ பத்தாம் நம்பர் பக்கம் ஒரு சத்தம் கேட்டுச்சு," என்றாள். "லொறி மண்ணு கொட்டுன மாதிரி. மழைல ஒண்ணும் தெரியல. நம்ம லயத்து மாரிசாமி எறங்கிப் போய்ப் பாக்குறேன்னு போனான். ஓடை வரைக்கும் போக முடியலன்னு திரும்பி வந்துட்டான்."

"பாதை இருக்குதாமா?"

"தெரியலன்னுட்டான்." பிறகு, "ஸ்கூலுக்குப் போயிருப்பா. அவ வேகமா நடப்பா. எம் பைய வேற தூக்கிக்கிட்டுப் போனா. நீ ஸ்கூலுக்குப் போன் போட்டுக் கேளு. பேசிட்டு எனக்குச் சொல்லு."

ஸ்கூலில் போன் எடுக்கவில்லை. முஸ்தாக் தனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் அழைத்தான். கிராம அலுவலர், ரோட்டோரக் கடைக்காரர் ஹபீஸ், பொலிஸ். ஹபீஸ் மட்டும் எடுத்தார். ஸ்கூலில் கீழ்க்கணக்கு ஆட்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள் என்றார். மேற்கணக்கிலிருந்து யாரும் வந்ததாகத் தெரியவில்லை, இருட்டிக்கொண்டு வருகிறது, விடிந்தால்தான் பார்க்கலாம் என்றார்.

ஜெயந்தினி கலாராணியின் எண்ணைத் திரையில் தேடி எடுத்தாள். மத்தியானம் போன எழுத்துச் செய்தி: சேர்ந்தது. அவள் அனுப்பிய பெட்டி: அனுப்பப்பட்டது. அது அப்படியே நின்றது.

முஸ்தாக் மெதுவாகச் சொன்னான்: "தங்கச்சி, நீங்க தப்பா ஒண்ணும் செய்யல."

"தெரியும் நானா," என்றாள். அது அவளுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

கணினியின் மூலையில் ஒரு அஞ்சல் வந்தது. நெதர்லாந்து வாத்தியார். புதிய வெளியீடு பயன்பாட்டுக்கு வந்துவிட்டது என்று அறிந்தேன். இவ்வளவு பொறுமையாக இருந்ததற்கு நன்றி. அந்த போன்களில் இப்போது எழுத்து சரியாகப் போய்ச் சேர்கிறதா? நீங்கள் உறுதி சொன்னால் இந்தப் பிழையை மூடிவிடுகிறேன். உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

அம்மாவைப் பற்றி அவள் அவருக்கு எழுதியதே இல்லை என்று நினைத்திருந்தாள். மூன்று நினைவூட்டல்களில் ஏதோ ஒன்றில் எழுதியிருக்கிறாள்.

பதில் பெட்டியைத் திறந்தாள். ஆம், சரியாகப் போய்ச் சேர்ந்தது, என்று அடித்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

கலாராணியின் எண்ணை மறுபடி அழுத்தினாள். மணி போகவில்லை. பதிவுசெய்த பெண் குரல் வந்தது. நீங்கள் அழைத்த எண்ணுடன் தற்போது தொடர்புகொள்ள முடியாது என்றது. முதலில் சிங்களத்தில். பிறகு தமிழில், ஒரு எழுத்துப் பிசகாமல்.

அவள் அதை முழுவதும் கேட்டாள். பிறகு மறுபடி அழுத்தினாள்.